டிராக்டருக்கு ஏற்ற டிரெய்லர்: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தை பிறந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் டிரெய்லருக்குக் கிராக்கி வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளர்ந்த மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும் நேரம் அது. வாடகை வண்டிக்கு நாலு நாள் காத்திருந்து சலித்துப்போனவர்கள், "சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்" என்று கிளம்புவார்கள். பட்டறை வாசலில் பழைய டிரெய்லர் ஒன்று புதுப் பெயின்ட் அடித்து நிற்கும். "அண்ணாச்சி, அஞ்சு டன் அசால்ட்டா தாங்கும், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார் விற்பவர்.

டிரெய்லர் தாங்கும், சரி. உங்க டிராக்டர் அதை நிறுத்துமா? இந்தக் கேள்வியை வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. அதேபோல இன்னொன்று: பின்னால் மாட்டுகிற அந்தப் பெட்டி சட்டத்தின் கண்ணில் டிராக்டரின் பாகம் இல்லை, தனி வண்டி. அதற்கென்று பதிவு வேண்டும், காப்பீட்டிலும் அதற்கு இடம் வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு வாங்கியவர்கள் பலருக்கு, விபத்து நடந்த பிறகுதான் விவரம் தெரிய வருகிறது.

முதலில் எடைக் கணக்கு

நாற்பத்தைந்து எச்.பி. டிராக்டர் ஒன்று ஏறக்குறைய இரண்டு டன் எடை இருக்கும். காலி டிரெய்லர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்வோம். அதில் முப்பது குவிண்டால் மக்காச்சோளம் ஏற்றினால் சரக்கு மட்டும் மூன்று டன். ஆக, பின்னால் வருவது நாலு டன்னுக்கு மேல். முன்னால் இழுப்பது இரண்டு டன். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது இது தெரியாது. இழுவைக்கென்றே செய்த வண்டி, இழுத்துவிடும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போதோ, பாலத்துச் சரிவில் ஒரு ஆடு குறுக்கே வரும்போதோதான் தெரியும். பிரேக் போட்டால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், பின்னால் வரும் நாலு டன் நிற்காது. அது டிராக்டரை முன்னால் தள்ளும். தள்ளுகிற திசை கொஞ்சம் கோணலாக இருந்தால் டிராக்டர் பக்கவாட்டில் மடங்கிக் கவிழும்.

வேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரில் போன வண்டி 30-ல் போனால், அதை நிறுத்தத் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. காலி டிரெய்லரோடு பறந்து பழகிய பையன், பாரத்தோடும் அதே பழக்கத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் டேங்கர் மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோடையில் நம்ம பக்கம் டிராக்டர் டேங்கர் இல்லாத ஊர் குறைவு. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஐயாயிரம் லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டுமே ஐந்து டன், இரும்புத் தொட்டியின் எடை தனி. முழுசாக நிரம்பிய டேங்கரைவிடப் பாதி நிரம்பியது சில நேரம் மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி அலையடிக்கும், வண்டியையும் சேர்த்து இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த தொட்டியா என்று எட்டிப் பாருங்கள்.

எனவே டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது, "எவ்வளவு ஏத்தலாம்" என்று கேட்பதற்கு முன்னால் டிராக்டர் வாங்கியபோது கொடுத்த கையேட்டை எடுங்கள். எவ்வளவு எடை இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் இறங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் டீலரிடம் மாடல் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறார் என்பதற்காக நாமும் இழுக்க வேண்டாம். அவருடைய டிராக்டர் வேறு.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களே நன்றாகச் சொல்வார்கள். மூட்டையை முன்னால் அதிகம் அடுக்கினால் மாட்டின் கழுத்தில் பாரம் இறங்கும். பின்னால் அதிகம் போனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தைப் பிடிக்கும். நல்ல வண்டிக்காரர் லேசாக முன்பாரம் இருக்கும்படி அடுக்குவார். அந்தக் கணக்கு இரண்டு சக்கர டிரெய்லருக்கு அப்படியே பொருந்தும்.

பின்பாரம் ஆனால் டிரெய்லரின் ஏர்க்கால் மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரப் பிடி குறையும், ரோட்டில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிரெய்லர் வாங்கப் போகும்போது அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் அச்சு இருந்தால், சரக்கைச் சமமாகப் பரப்பினாலே தேவையான அளவு முன்பாரம் தானாகக் கிடைக்கும்.

டிராக்டரில் டிரெய்லரை மாட்ட வேண்டிய இடமும் முக்கியம். கீழே இருக்கும் டிரெய்லர் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமாக, மேல் இணைப்புக் கம்பி மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டுவிடும். சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கப் போய் இப்படி ஓட்டுநரே அடியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா

கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் இறங்கினால் வண்டி புதையும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு சக்கர டிரெய்லரில் சரக்கின் எடையில் ஒரு பங்கு டிராக்டரின் பின்சக்கரத்தின் மேல் இறங்குவதால் அங்கே பிடி கிடைக்கும். வண்டிப்பாதை குறுகல், வரப்பு ஓரத்தில் திருப்ப வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்றால் அதுதான் வசதி. நான்கு சக்கரம் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும். ரோட்டில் தொலைதூரம் போக நல்லது. ரிவர்ஸ் எடுப்பதற்குள் வியர்த்துவிடும். காட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் மட்டும் போகிற சிறு விவசாயிக்கு இரண்டு சக்கர டிப்பரே போதும் என்பது என் கருத்து. பெரிய டிரெய்லர் வாங்கினால் பெரிய பாரம் ஏற்றத்தான் கை போகும்.

இன்னொன்று: காட்டிலிருந்து ஏறும்போது டயரில் ஒட்டிய கரிசலைக் குச்சியால் தட்டிவிட்டு ரோட்டில் ஏறுங்கள். தார் ரோட்டில் விழுந்த களிமண்ணில் வழுக்குவது பின்னால் டூவீலரில் வருகிறவர்தான்.

பிரேக், விளக்கு, ஊசி

கிராமத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இருப்பதில்லை. டிராக்டரின் பின்சக்கரப் பிரேக்தான் மொத்தத்துக்கும். அதனால், பிரேக் உள்ள டிரெய்லர் கொஞ்சம் விலை கூடுதலாகக் கிடைத்தால் பேரம் பேசி அதையே எடுங்கள். டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும். உழும்போது சட்டென்று திருப்புவதற்காக அவை தனித்தனி. ரோட்டில் ஏறும்போது இரண்டையும் சேர்க்கும் கொண்டியைப் போட வேண்டும். போடாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும், டிராக்டர் சுழன்றுவிடும். சரிவில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். இறங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள்.

பழைய டிரெய்லர் என்றால் பெயின்டைப் பார்க்காதீர்கள். கொக்கி மாட்டும் வளையம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா, ஏர்க்காலில் வெல்டிங் ஒட்டு எத்தனை, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, பட்டை விட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிப்பராக இருந்தால் பெட்டியைத் தூக்கி நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள், தானாக இறங்கக் கூடாது. தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் தலையை விடக் கூடாது. கொக்கி ஊசி கழன்று விழாமல் இருக்க பூட்டுக் கிளிப்பும், கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருக்கட்டும்.

கோவில்பட்டி வழியாகத்தான் மதுரை - திருநெல்வேலி நான்குவழிச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 44, போகிறது. அதில் இரவில் விளக்கில்லாத டிரெய்லர் போவதும், ஓரத்தில் நிற்பதும் மற்றவர்களுக்கு வைக்கிற கண்ணி. பின்விளக்கு வயர் டிராக்டரோடு இணைந்திருக்க வேண்டும். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டரும் ஒளிரும் பட்டையும் ஒட்டுவதற்கு ஆகிற செலவு, ஒரு மூட்டை உளுந்து விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

போனை எடுங்கள்

இப்போது ஆவணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரெய்லரைத் தனி வாகனமாகவே பார்க்கிறது. அதற்குத் தனிப் பதிவெண் உண்டு. அந்த எண் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். டிரெய்லரின் பின்புறம், எந்த டிராக்டர் இழுக்கிறதோ அதன் எண் தெரிய வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் டிரெய்லரை இரவல் வாங்கி மாட்டும்போது பின்னால் அவருடைய டிராக்டர் எண்ணே இருக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

விற்பவர் சொல்லும் டிரெய்லர் எண்ணை 'எம்-பரிவாகன்' செயலியில் போட்டுப் பாருங்கள். அது டிரெய்லர் எண்தானா, டிராக்டர் எண்ணா, பதிவு உயிரோடு இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்று தெரிந்துவிடும். செயலியில் காட்டும் சேசிஸ் எண்ணின் எழுத்துகளையும், சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் கடன் முடிந்த சான்றும், படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். போனில் சிரமம் என்றால் இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணே இல்லாத டிரெய்லர் மலிவாக வரும். "ஆர்.சி. எல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம் அண்ணாச்சி" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். புதிதாகப் பதிவு செய்ய விற்பனைச் சான்றான படிவம் 21-ம், வண்டி சாலைத் தகுதி உள்ளது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22-ம் வேண்டும். பட்டறைக்காரர் இவற்றைத் தர முடியாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நிற்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. பதிவில்லாத வாகனத்தை ஓட்டினால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

ஓட்டுநர் உரிமம் பற்றிப் பலருக்கும் சந்தேகம் இருக்கிறது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர், டிரெய்லர் மாட்டியதால் மட்டும் உரிமம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது.

காப்பீட்டில் எங்கே சறுக்குகிறது

அபராதம் கட்டினால் முடிந்தது. காப்பீட்டில் வரும் சிக்கல் அப்படி முடியாது. 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொன்னால் விளங்கும். செங்கல் சூளைக்கு மண் ஏற்றப் போன டிராக்டரின் டிரெய்லரில் இருந்த கூலித் தொழிலாளி ஒருவர் விபத்தில் படுகாயம் அடைந்தார். டிராக்டருக்குக் காப்பீடு இருந்தது, ஆனால் விவசாய வேலைக்கு மட்டும். டிரெய்லருக்குக் காப்பீடே இல்லை. சூளைக்கு மண் ஏற்றுவது விவசாயம் இல்லை, எனவே காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தத் தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் அவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். தொழிலாளிக்குப் பணம் கிடைத்தாலும், அதைக் கடைசியில் கட்ட வேண்டியவர் உரிமையாளர். நம்ம ஊரில் அதற்குக் காட்டை விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே பாலிசியை எடுத்து இரண்டு இடத்தைப் பாருங்கள். டிரெய்லரின் எண் அதில் இருக்கிறதா? பயன்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? விவசாயம் என்று மட்டும் இருந்தால், வாடகைக்கு ஜல்லி, செங்கல், தண்ணீர் அடிக்கும் நாளில் அந்தப் பாலிசியை நம்ப முடியாது. அப்படி ஓட்டுவதுதான் வருமானம் என்றால், ஒளிக்காமல் வணிகப் பயன்பாட்டுக்கே பதிவும் காப்பீடும் எடுத்துவிடுங்கள். பிரீமியம் கூடும்தான். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டுவதற்கு அபராதம் முதல் முறை 2,000 ரூபாய்தான் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். விபத்து இழப்பீட்டின் முன்னால் அது ஒரு தொகையே இல்லை.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு, திருவிழாவுக்குக் கழுகுமலைக்கு என்று டிரெய்லரில் தார்ப்பாய் கட்டி, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஏற்றிப் போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. களை எடுக்கப் போகும் பெண்களையும் அதிலேயே ஏற்றுகிறோம். டிராக்டரின் ஆர்.சி.யில் இருக்கை ஒன்று என்றுதான் இருக்கும், டிரெய்லரில் இருக்கையே கிடையாது. சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிவந்த பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் சொல்லிவிட்டது. அதில் இருப்பவர்கள் நம் சொந்தக்காரர்கள். நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன் வாடகை பெரிதாகத் தெரியாது.

காரைக் கட்டி இழுக்கும்போது

வெளிநாடுகளில் வீடு மாதிரியான பெரிய வண்டியில் சுற்றுலா போகிறவர்கள், ஓடக்கூடிய ஒரு சின்னக் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இங்கே அதற்கு இடமில்லை. பதிவு பெற்ற டிரெய்லர் அல்லாமல் இன்னொரு வாகனத்தை இழுப்பதென்றால், அது பழுதாகி நின்றதாக இருக்க வேண்டும், பக்கத்துப் பட்டறைக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோவதாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கரிசல் பாதையில் சிக்கிய காரை டிராக்டர் கொண்டு இழுக்காத ஊர் இங்கே இல்லை. இழுத்து ரோட்டில் ஏற்றியபின் அப்படியே கோவில்பட்டி வரை இழுத்துப் போகிறார்கள். அப்போது கவனிக்க: இரண்டு வண்டிக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணில் படும்படி சிவப்புத் துணி கட்டுங்கள். காரின் பின்னால் 'ஆன் டோ' என்று வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் தெரிய வேண்டும். காரில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

காரில் உட்காருகிறவருக்கு: சாவியைப் போட்டுத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி கனக்கும், முன்கூட்டியே அழுத்தி மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார், மின்சாரக் கார் என்றால் சக்கரம் தரையில் உருள இழுக்க வேண்டாம், கியர்பெட்டியோ மோட்டாரோ கெட்டுப்போகலாம். மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள். பழுதானது தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-க்கு அழைக்கலாம். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108.